காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் ஆழமற்ற நீரில் படகு செலுத்துதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ மவுசாகலை நீர்த்தேக்கத்திலோ படகு செலுத்தக் கற்க வருபவர், தமது படகின் அடியில் இருப்பது நீரில் மூழ்கிய ஒரு மலைச்சரிவு என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். 1965ஆம் ஆண்டில் கெசல்கமு ஓயாவின் குறுக்கே காசல்ரீ அணையும், அதே பத்தாண்டின் இறுதிப் பகுதியில் மஸ்கெலி ஓயாவின் குறுக்கே மவுசாகலை அணையும் எழுந்தபோது, தேயிலை மலைகளும் தோட்டப் பாதைகளும் மதகுகளும் நீருக்குள் போயின. மவுசாகலையில் பழைய மஸ்கெலியா நகரமே அமிழ்ந்தது. அதனால் இங்கே கரையிலிருந்து விலகிச் செல்லச் செல்ல ஆழம் சீராகக் கூடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கரையை ஒட்டியே பத்து ஆள் ஆழம் இருக்கலாம். பரந்த நடுநீரில், ஒரு காலத்தில் கொழுந்து பறித்த மேட்டின் உச்சி முழங்கால் ஆழத்தில் கிடக்கலாம். கரையின் வடிவத்தைப் பார்த்து அடியின் வடிவத்தை ஊகிக்கும் பழக்கமே இங்கே படகோட்டியின் முதன்மையான திறன். துடுப்பு வலிக்கும் வலிமையும் எஞ்சினைக் கையாளும் திறமையும் அதற்கு அடுத்தபடியானவை.

அக்கரைத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்ல விரும்புவோர், மீன்பிடியைத் தொழிலாகத் தொடங்குவோர், பயணிகளுக்குப் படகு விடும் இடங்களில் வேலைக்குச் சேர்வோர் ஆகியோரை எண்ணி இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஐந்து அல்லது ஆறு மீற்றர் நீளமுள்ள, துடுப்பினாலோ சிறிய வெளியிணைப்பு எஞ்சினாலோ செல்லும் கண்ணாடியிழைப் படகையே மாதிரியாகக் கொண்டுள்ளேன்.

நீர்மட்டத்தை அறிந்துகொள்ளல்

இரு நீர்த்தேக்கங்களும் பெரும்பாலும் தென்மேல் பருவமழையால் நிரம்புபவை. மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் நிறைந்து, சில ஆண்டுகளில் வான் பாயும் அளவுக்கு உயரும் நீர், ஜனவரிக்குப் பின்னர் மழை குறைந்து மின்னுற்பத்திக்கான நீர் தொடர்ந்து வெளியேறும்போது படிப்படியாக இறங்கி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் மிகவும் தாழ்ந்துவிடுவது வழக்கம். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை நீடிக்கிறது. ஆகவே வெளியூரிலிருந்து மிக அதிகமானோர் வந்து படகில் ஏற விரும்பும் காலமும், நீர் மிகவும் வற்றியிருக்கும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. புதியவர்கள் இதனைத் தற்செயலான செய்தியாகக் கொள்ளாமல், தாம் படகில் ஏறும் மாதத்தைக் கொண்டே எச்சரிக்கையின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

முதற்படியாக, நீங்கள் வழக்கமாகப் படகு இறக்கும் இடத்தில் அசையாத ஓர் அடையாளத்தைத் தெரிவு செய்யுங்கள். பெரிய பாறையின் விளிம்பு, கொங்கிறீற்றுப் படி, பழைய பாதையின் ஓரக்கல் என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு முறை புறப்படும்போதும் அந்த அடையாளத்துக்கும் நீருக்கும் இடையிலான உயரத்தைப் பார்த்து, சிறிய குறிப்பேட்டில் திகதியுடன் எழுதுங்கள். கடந்த வாரம் தாராளமாகக் கடந்துபோன ஒரு மேட்டின் மீது இன்று எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கும் என்பதை அந்தக் குறிப்பு உங்களுக்குச் சொல்லிவிடும். அதனுடன், விடியற்காலையில் வலை எடுத்துத் திரும்பும் மீனவர்களிடம், "அண்ணே, தண்ணி எந்த மட்டத்துல இருக்கு? முக்குல கட்டை தெரியுதா?" என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அவர்கள் அன்றைய நாளின் நிலையை நேரில் கண்டு வந்தவர்கள்.

வரட்சிக் காலத்தில் நடந்து பார்த்தல்

புதியவர் ஒருவருக்கு நான் ஒரேயொரு பயிற்சியை மட்டும் பரிந்துரைக்க முடியும் என்றால், பெப்ரவரி, மார்ச் மாதங்களில் நீர் இறங்கியிருக்கும்போது நீர்த்தேக்கத்தின் கரையை நடந்து பார்ப்பதையே பரிந்துரைப்பேன். நீர் நிறைந்திருக்கும்போது எவரும் காட்டித்தர முடியாதவை அனைத்தும் அப்போது வெளியே கிடக்கின்றன. பச்சைத் தேயிலைக்குக் கீழே, நீர் ஏறி இறங்கிய உயரம் முழுவதும், செம்மண் வெறுமையாகத் தெரியும். அந்தச் செம்மண் பகுதியில் பழைய தேயிலைச் செடிகளின் வேர்க்கட்டைகள் வரிசை மாறாமல் நிற்பதையும், வெட்டி விடப்பட்ட நிழல்மரங்களின் அடிக்கட்டைகள் முழம் உயரத்தில் கூர்மையாக நீண்டிருப்பதையும், தோட்டப் பாதை ஒன்று நேராக நீருக்குள் இறங்கிச் செல்வதையும், அதன் ஓரத்தில் கருங்கல்லால் கட்டிய கானும் மதகும் உடையாமல் இருப்பதையும் காணலாம். மவுசாகலையில் நீர் மிகவும் வற்றும் ஆண்டுகளில் பழைய நகரின் கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்களே வெளிப்படுகின்றன. வணங்கத்தக்க அந்த இடங்களின் அருகே வெறுங்காலுடன் நடப்பதே முறை. படகோட்டி என்ற வகையில், அவற்றின் சுவர்களும் தூண்களும் எந்தத் திசையில், எந்த உயரத்தில் நிற்கின்றன என்பதையும் அப்போதே உற்றுநோக்க வேண்டும்.

நடக்கும்போது கைபேசியில் படமெடுங்கள். ஒவ்வொரு படத்திலும், நீர் எவ்வளவு உயர்ந்தாலும் மூழ்காத ஒரு பொருள் பின்னணியில் தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள்: தொழிற்சாலையின் கூரை, லயத்தின் தண்ணீர்த் தாங்கி, தனித்து நிற்கும் யூகலிப்டஸ் மரம், மின்கம்பம் ஆகியன ஏற்றவை. மழைக்காலத்தில் நீர் நிறைந்த பின்னர், அந்தக் கூரையும் அந்த மரமும் ஒரே நேர்கோட்டில் தெரியும் இடத்துக்கு வரும்போது அடியில் மதகு இருக்கிறது என்பதை இந்தப் படம் நினைவூட்டும். இவ்வாறு இரண்டு பொருள்களை ஒரே கோட்டில் வைத்து இடத்தை அறியும் முறை கடலோடிகளிடமும் உண்டு. எங்கு பார்த்தாலும் மலையும் கட்டடமும் தெரியும் நமது நீர்த்தேக்கங்களில் அது இன்னும் எளிது.

படகையும் கருவிகளையும் ஆயத்தம் செய்தல்

இந்த நீர்த்தேக்கங்கள் நீர்மின் திட்டத்துக்காகக் கட்டப்பட்டவை. எனவே படகு இறக்குவதற்கு முன்னர், எந்தப் பகுதிகளில் அனுமதி உண்டு, எவை தடை செய்யப்பட்டவை என்பதை உரிய அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். மீன்பிடிப்பதாயின் நக்டா என்று அழைக்கப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் விதிகளும் உள்ளூர் மீனவர் சங்கத்தின் ஒழுங்குகளும் பொருந்தும்.

அடுத்து, உங்கள் படகு எவ்வளவு ஆழத்துக்கு அமிழும் என்பதைக் கணக்கிடுங்கள். கரையில் வைத்து, படகின் மேல்விளிம்பிலிருந்து அடிப்பகுதி வரையான உயரத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஆட்களும் சுமையும் ஏறிய நிலையில், அசைவற்ற நீரில், மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரையான உயரத்தை அளந்து முன்னதிலிருந்து கழிக்க வேண்டும். முதல் அளவு 60 சென்ரிமீற்றரும் இரண்டாவது 35 சென்ரிமீற்றரும் ஆயின், படகு 25 சென்ரிமீற்றர் அமிழ்கிறது. சிறிய எஞ்சின்களின் விசிறி படகின் அடியைவிட ஏறக்குறைய ஒரு சாண் கீழே தொங்குவதால், எஞ்சினை இறக்கிவிட்டால் மொத்தத் தேவை ஏறத்தாழ அரை மீற்றர் ஆகிவிடுகிறது. அலைக்கும் கண்ணுக்குத் தெரியாத கட்டைக்கும் சேர்த்து இன்னும் 30 சென்ரிமீற்றர் விட்டால், 80 சென்ரிமீற்றருக்குக் குறைந்த நீரில் எஞ்சினை இயக்கக் கூடாது என்ற விதி கிடைக்கிறது. இந்த எண் ஒவ்வொரு படகுக்கும் வேறுபடும். அரிசி மூட்டையோ உரப்பையோ ஏற்றினால் அன்றைக்கே மாறும். ஆகவே உங்கள் படகை நீங்களே அளந்துகொள்ள வேண்டும்.

அளவுகோல் கம்பு இல்லாமல் ஆழமற்ற நீருக்குள் செல்ல வேண்டாம். நன்கு முற்றிய, நேரான, மூன்று மீற்றருக்குக் குறையாத மூங்கிலே இதற்குச் சிறந்தது, ஏனெனில் அது கையைவிட்டு நழுவினாலும் மிதக்கும். அடியிலிருந்து ஒவ்வொரு 25 சென்ரிமீற்றருக்கும் சிவப்பு வர்ணத்தால் வளையம் இட்டு, எஞ்சினுக்கான எல்லையில் மட்டும் அகலமான வெள்ளை வளையம் ஒன்றை இடுங்கள். கம்பு நீருக்குள் நிற்கும்போது வெள்ளை வளையம் நீருக்கு மேலே தெரிந்தால் எஞ்சினை நிறுத்த வேண்டும் என்பது எண்ணிப் பார்க்காமலே விளங்கும்.

படகில் இருக்கும் ஒவ்வொருவரும், சிறுவர் உட்பட, உயிர்காப்பு அங்கியை வார் இறுக்கி அணிந்திருக்க வேண்டும். அங்கியை இருக்கையின் கீழ் வைத்துவிட்டு, தேவைப்பட்டால் அணிவோம் என்று இருப்பதில் பயனில்லை. ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள இந்த நீர் குளிர்ச்சியானது. திடீரென விழுந்தவருக்கு மூச்சு திணறும், விரல்கள் மரத்துப்போகும், அந்த நிலையில் வார் கட்ட முடியாது. உப்பு நீரைவிட நன்னீரில் உடல் மிதப்பதும் சற்றுக் குறைவு. இவை தவிர, நீர் இறைக்கும் தகரப்பேணி, 15 மீற்றர் கயிறு, நங்கூரமாகப் பயன்படும் பாரம், ஊதல், மின்சூள், பொலித்தீன் பையில் கட்டிய கைபேசி, கத்தி, உதிரித் துடுப்பு ஆகியன போதும். எஞ்சின் வைத்திருப்பவர், விசிறி கட்டையில் மோதும்போது முறிந்து எஞ்சினைக் காப்பாற்றும் சிறிய ஆணியின் உதிரி இரண்டையும் அதை மாற்றுவதற்கான குறட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

எஞ்சினைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உயரம் கூடக்கூடக் காற்று அடர்த்தி குறைவதால், ஒவ்வொரு 300 மீற்றருக்கும் எஞ்சினின் வலு ஏறக்குறைய 3 வீதம் குறைகிறது. மஸ்கெலியாவின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு ஏற்படுகிறது. நீர்கொழும்பில் ஆறு பேரை இலகுவாக இழுத்த எஞ்சின் இங்கே அதே சுமையுடன் காற்றை எதிர்த்துத் திணறினால், அதில் பழுது தேட வேண்டியதில்லை, ஆட்களைக் குறையுங்கள்.

கரையையும் நீரையும் வாசித்தல்

படகு நீரில் இறங்கியதும் முதலில் கரையைப் பாருங்கள். நீருக்கு மேலே உள்ள சரிவு எந்தக் கோணத்தில் இறங்குகிறதோ, பெரும்பாலும் அதே கோணத்தில் நீருக்குள்ளும் தொடரும். செங்குத்தாக வெட்டி இறங்கும் பாறைக்கரையின் அருகே ஆழம் உண்டு. புல்லும் காய்கறிப் பாத்தியும் உள்ள தட்டையான கரை தன் தட்டைத்தன்மையை வெகுதூரம் நீருக்குள் கொண்டுசெல்லும். ஒரு மலைத்தொங்கல் மூக்குப் போல நீருக்குள் நீண்டு முடிந்தால், அது முடிந்தது கண்ணுக்கு மட்டுமே. அதன் முதுகு நீருக்கடியில் அதே திசையில் தொடர்ந்து செல்கிறது. இத்தகைய முனையைச் சுற்றும்போது குறுக்குவழி எடுக்காமல் அகன்று சுற்றுவது நல்லது. இரு தொங்கல்களுக்கு இடையில் கான் ஒன்று இறங்கி வரும் மடிப்பின் நேரே ஆழம் கூடியிருக்கும். இவ்வாறு மடிப்புகளையெல்லாம் மனத்தில் கீழ்நோக்கி நீட்டினால் அவை ஓரிடத்தில் கூடும். அங்கேதான் பழைய ஓயாவின் தடம் இருக்கிறது. அணை கட்டப்படும் முன் ஆறு ஓடிய அந்தத் தடமே இன்றும் நீர்த்தேக்கத்தின் மிக ஆழமான பாதை. நீர் வற்றும் காலத்தில், அகலமாகத் தெரியும் நீர்ப்பரப்பில் நீங்கள் நம்பிச் செல்லக்கூடிய வழி அது ஒன்றாகவே இருக்கலாம்.

கரையைப் பார்த்த பின்னர் நீரின் முகத்தைப் பாருங்கள். இலேசான காற்று வீசும்போது பரப்பு முழுவதும் சிற்றலை எழும். அதன் நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை நெருக்கமாகவும் குட்டையாகவும் துள்ளினால், அடியில் மேடு உண்டு. ஓடும் நீரில், மேலோட்டத்தை நோக்கிக் கூர்முனை காட்டி இருபுறமும் விரியும் அலைக்கோடு ஒரு பாறையையோ கட்டையையோ காட்டுகிறது. கூர்முனை கீழோட்டத்தை நோக்கி இருந்தால், அது இரு தடைகளுக்கு இடையிலான வழி. ஆற்றின் வளைவில் வெளிப்புறம் ஆழமாகவும் உட்புறம் மணல் படிந்தும் இருக்கும். அடியைக் கண்ணால் காண விரும்பினால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிர்வெயிலில் நீர் கண்ணாடியாகி எதையும் காட்டாது. எனவே முன்பின் தெரியாத ஒரு கிளைக்குள் எதிர்வெயிலில் நுழைய நேர்ந்தால், சற்றுப் பொறுத்து, வெயில் உயர்ந்த பின்னர் நுழைவதே நல்லது.

ஓயாக்கள் நீர்த்தேக்கத்துக்குள் நுழையும் முகங்களே புதியவர்களை அதிகம் சோதிப்பவை. பொகவந்தலாவைப் பக்கமிருந்து நோர்வூட் வழியாக வரும் கெசல்கமு ஓயா, மலைகளிலிருந்து அரித்து வரும் மண்ணையும் மணலையும் காசல்ரீயின் அமைதியான நீரைத் தொட்டதும் கீழே போட்டுவிடுகிறது. அந்தத் திட்டு ஒவ்வொரு பெருமழைக்கும் இடம் மாறுவதால், கடந்த ஆண்டின் வழியை இந்த ஆண்டு நம்ப முடியாது. இங்கே உதவுவது நுரை. ஓயா கொண்டுவரும் நுரையும் சருகும் உயிருள்ள நீரோட்டத்தின் மீதே வரிசையாக மிதந்து வரும். திட்டுகளின் மீது அவை தேங்கிச் சுழலும். நுரை வரிசையைப் பின்பற்றி, கம்பால் அடியைத் தொட்டுக்கொண்டே மெதுவாக ஏறுங்கள். தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் நீர் திடீரெனச் செந்நிறமாக மாறி, குச்சிகளும் மிதந்து வரத் தொடங்கினால், மேலே மலையில் மழை கொட்டியிருக்கிறது என்று அறிந்து உடனே அந்த முகத்தைவிட்டு வெளியேறி அகன்ற நீருக்கு வர வேண்டும்.

ஆழமற்ற நீரில் படகைச் செலுத்தும் முறை

ஐயமுள்ள இடத்தை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறையுங்கள். ஆழமற்ற நீரில் வேகமாகச் செல்லும் படகின் பின்புறம் மேலும் அமிழ்ந்து, பின்னால் எழும் அலை செங்குத்தாகும். படகு காரணமின்றி இழுபடுவதாக உணர்ந்தால், அடி அருகில் வந்துவிட்டது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. மிதமான வேகத்தில் செல்லும்போது உங்களுக்கு உதவியாக ஒருவர் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், அமர்ந்து கம்பை ஊன்றி அளவைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அவர் "ஒன்று", "முக்கால்", "அரை" என்று மீற்றர் கணக்கில் உரக்கச் சொல்ல, எஞ்சினில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எஞ்சின் சத்தத்தில் தவறாகக் கேட்கும் வாய்ப்பை இந்தச் சிறு ஒழுங்கு தவிர்க்கிறது.

கம்பு ஆழத்தை மட்டும் சொல்வதில்லை. அடியின் தன்மையையும் சொல்லும். பாறையில் படும்போது கம்பு டொக்கென்று தெறித்து உள்ளங்கையில் அதிரும். மணலில் கரகரவென்று உரசி நிற்கும். சேற்றில் சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டு போகும், வெளியே இழுக்கும்போது பற்றிப் பிடிக்கும். இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டே வேறுபடுத்தும் அளவுக்குக் கரையோரத்தில் பழகிய பின்னரே உள்ளே செல்லுங்கள். சேற்றில் சிக்கிய கம்பைப் பிடிவாதமாக இழுப்பவர், படகு முன்னே நகரக் கம்பு பின்னே தங்க, நடுவில் நீருக்குள் விழுவார். கம்பைச் சற்றே திருகி இழுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் கையை விட்டுவிட்டு, துடுப்பினால் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லை அளவு வந்ததும் எஞ்சினை நிறுத்தி, அதன் கால்பகுதியைத் தூக்கி நிறுத்திவிட்டு, துடுப்பினாலோ கம்பினாலோ செல்ல வேண்டும். கம்பால் தள்ளுபவர் படகின் பின்பகுதியில் கால்களை அகட்டி நின்று, கம்பைப் படகை ஒட்டியே, ஏறத்தாழ நேர்நிலையில் ஊன்ற வேண்டும். தொலைவில் சாய்த்து ஊன்றினால் படகு முன்னே செல்லாமல் பக்கவாட்டில் ஓடும். பக்கமிதவை பொருத்திய வள்ளமாயின், மிதவை இருக்கும் பக்கம் எப்போதும் ஆழமான நீரை நோக்கி இருக்கட்டும். மிதவையின் கை கட்டையில் மாட்டினால் வள்ளம் அதையே அச்சாகக் கொண்டு சுழன்றுவிடும்.

தெரியாத ஆழமற்ற இடத்துக்குள் காற்றை எதிர்த்தே நுழைய வேண்டும் என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். எதிர்க்காற்றில் தரைதட்டினால் காற்றே உங்களைப் பின்னே தள்ளி விடுவிக்க உதவும். பின்காற்றில் தரைதட்டினால் ஒவ்வொரு அலையும் படகை மேலும் மேட்டின் மீது ஏற்றும். காற்று பின்னாலிருந்து வீசுகிறதென்றால், அகன்று சுற்றிச் சென்று மறுபக்கமிருந்து நுழையுங்கள், அல்லது அந்த இடத்தைத் தவிருங்கள்.

சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் திரண்டு மிதக்கும் மூலைகளில் எஞ்சினைப் பயன்படுத்த வேண்டாம். தண்டுகள் விசிறியில் சுற்றுவதுடன், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்த்துளையையும் அடைத்துவிடும். எஞ்சினின் பின்புறத்திலிருந்து பீறிடும் மெல்லிய நீர்த்தாரை நின்றுவிட்டதா என்பதைச் சேற்று நீரிலும் களைகளிலும் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நின்றிருந்தால் உடனே எஞ்சினை நிறுத்தி, தூக்கி, துளையைச் சுத்தம் செய்த பின்னரே மீண்டும் இயக்கலாம்.

மீனவர்களின் வலைகளுக்கும் இதே கவனம் தேவை. செவுள் வலைகள் மாலையில் போடப்பட்டு விடியலில் எடுக்கப்படுகின்றன. மிதவைக்குப் பெரும்பாலும் வெறும் பிளாத்திக்குப் போத்தல்களே கட்டப்பட்டிருக்கும். வரிசையாக அசையும் போத்தல்களைக் கண்டால் அவற்றின் முடிவைச் சுற்றிச் செல்லுங்கள். சுற்ற வழியில்லையென்றால், எஞ்சினை நிறுத்தித் தூக்கிவிட்டு, இரு போத்தல்களுக்கு நடுவே துடுப்பை உயர்த்தியபடி வழுக்கிச் செல்ல வேண்டும். ஒருவரின் ஒரு நாள் உழைப்பு அந்த வலையில் இருக்கிறது.

தரைதட்டினால்

அடி தட்டியதும் எஞ்சினை முடுக்கி மேட்டைத் தாண்ட முயல்வதே புதியவர்கள் பலரும் செய்யும் காரியம். விசிறி முறிவதும் படகின் அடி கீறுவதும் அதனால்தான். உடனே எஞ்சினை நிறுத்தித் தூக்குங்கள். நீங்கள் வந்த வழியில் போதிய நீர் இருந்தது என்பது உறுதி. எனவே வந்த திசையிலேயே பின்வாங்க வேண்டும். முன்பகுதி தட்டியிருந்தால் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக, குனிந்தபடி பின்னே நகர, முன்பகுதி இலேசாகும். அப்போது கம்பால் முன்புறமிருந்து தள்ளுங்கள். படகு ஒரு கட்டையின் மீது நடுவில் ஏறிக்கொண்டிருந்தால் இருபக்கமும் மெதுவாக ஆட்டி விடுவிக்கலாம். ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகு கவிழும்.

இறங்கித் தள்ளுவது கடைசி வழி. முதலில் கம்பால் அடியைச் சோதியுங்கள். கம்பு எதிர்ப்பின்றி முழங்கால் அளவுக்குச் சேற்றில் இறங்கினால் எவரும் இறங்கக் கூடாது. உறுதியான அடி என்று கண்டால், காலணி அணிந்தபடி, படகின் விளிம்பைக் கைவிடாமல் ஒருவர் மட்டும் இறங்கலாம். உடைந்த போத்தல்களும் தேயிலை வேர்களும் வெறுங்காலைக் கிழித்துவிடும். எந்த முயற்சியும் பலிக்கவில்லையென்றால், காத்திருந்தால் நீர் ஏறும் என்று கடலோரத்தில் நம்புவதைப் போல இங்கே நம்ப வேண்டாம். வற்றும் காலத்தில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். நேரத்தைக் கடத்தாமல் ஊதலை ஊதியும் கைபேசியில் அழைத்தும் உதவி கோருங்கள். பொலிஸ் அவசர அழைப்பு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சுவசரிய அம்பியூலன்ஸ் 1990 ஆகிய எண்களைப் புறப்படும் முன்னரே கைபேசியில் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

மூடுபனி, காற்று, இடி

காலையில் மூடுபனி விலகி எதிர்க்கரை தெளிவாகத் தெரியும் வரை புறப்பட வேண்டாம். நடுவில் மூடுபனி இறங்கிவிட்டால், தெரியும் கரையை நெருங்கி, துடுப்பு வேகத்தில் அதனை ஒட்டியே செல்லுங்கள், அல்லது நங்கூரமிட்டு நில்லுங்கள்; மற்றப் படகுகள் அறியும்படி இடைக்கிடை ஊத வேண்டும். பருவக்காற்று மாதங்களில் பிற்பகலில் பள்ளத்தாக்கு வழியே காற்று விசையுடன் இறங்குவதால், போகும்போது காற்றை எதிர்த்துச் சென்று, களைத்துத் திரும்பும்போது காற்றோடு வரும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமின்னல் வழக்கமானது. திறந்த நீரில் மிக உயர்ந்த பொருள் நீங்களும் உங்கள் கம்புமே என்பதால், முதல் இடியோசை கேட்டதும் கம்பைப் படுக்க வைத்துவிட்டு, மிக அருகிலுள்ள கரையில் இறங்கிவிட வேண்டும். புறப்படும் இடத்துக்கே திரும்ப வேண்டும் என்று பார்க்க வேண்டாம்.

செல்லக் கூடாத இடங்கள்

அணையின் மேற்புறம், வான்கதவுகளின் முன்பகுதி, சுரங்கத்துக்கு நீர் உள்ளெடுக்கும் கோபுரத்தின் சுற்றுப்புறம் ஆகியவற்றை நெருங்கவே கூடாது. நீர் உள்ளெடுக்கப்படுவது அடியில் நிகழ்வதால் மேற்பரப்பு அமைதியாகவே தோன்றும்; அந்த அமைதியைக் கொண்டு எதையும் முடிவு செய்ய வேண்டாம். நோர்ட்டன், கெனியன், லக்சபான ஆகிய கீழ்த்தடாகங்களும் தலவாக்கலையில் 2012ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய மேல்கொத்மலைத் திட்டத்தின் தடாகமும் கொள்ளளவில் சிறியவை. மின்னுற்பத்தி கூடும் மாலைவேளைகளில் அவற்றின் நீர்மட்டம் விரைவாக மாறக்கூடும் என்பதால் அவை பயிற்சிக்கு உகந்தவையல்ல. அணைகளுக்குக் கீழேயுள்ள ஓயாப் பகுதிகளில், வரட்சியில் குளம் போல நின்றாலும், படகை இறக்க வேண்டாம். வான்கதவு திறந்தால் நீர் வந்து சேரும் வரை உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் மிகச் சொற்பம். துடுப்புப் பழகுவதற்கு மட்டும் ஓரிடம் தேவையென்றால், 1873ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட நுவரெலியா கிரகரி வாவியில் வாடகைப் படகெடுத்துப் பழகலாம்.

கரைசேர்ந்த பின்னர்

எரிபொருளைக் கரையில், நீரிலிருந்து விலகி நின்று நிரப்புங்கள். இந்த இரு ஓயாக்களும் கூடியே களனி கங்கையாகின்றன; அம்பத்தலையில் கொழும்புக்கான குடிநீர் எடுக்கப்படுவது அதே கங்கையிலிருந்துதான். படகைக் கட்டும்போது, நீர் இறங்கினால் படகு தொங்காமலும் மழையில் ஏறினால் மூழ்காமலும் இருக்கும்படி நீளமான கயிற்றால், நீரெல்லைக்கு மேலேயுள்ள மரத்திலோ கல்லிலோ கட்ட வேண்டும். எஞ்சினைத் தூக்கி வைத்து, விசிறியில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நீங்கள் திரும்பும் நேரத்தைச் சொல்லிச் சென்ற வீட்டாருக்கோ நண்பருக்கோ வந்து சேர்ந்த செய்தியை உடனே தெரிவியுங்கள். வழியில் புதிதாக ஒரு கட்டையையோ பாறையையோ கண்டிருந்தால், குறிப்பேட்டில் அதன் நேர்கோட்டு அடையாளங்களை எழுதி, படகுத்துறையில் உள்ள மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். அடுத்த முறை செல்லும்போது சிவப்புத் துணி கட்டிய போத்தல் ஒன்றைப் பாரமிட்டு அந்த இடத்தில் மிதக்கவிட்டால், மாலையில் அவ்வழியே வருபவருக்கு அது பயன்படும்.